ஸ்டார்கிராஃப்ட் 2: இடது கைக்குள் அடங்கும் ஹாட்கீ அமைப்பு

படை திரட்டிப் போரிடும் கணினி உத்தி விளையாட்டான ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தது 2010-இல். 2017 நவம்பரிலிருந்து இலவசமாகவும் ஆடலாம். ஆனால் இன்றுவரை களத்தின் சிறு வரைபடமான மினிமேப்பை வலப்பக்கம் நகர்த்தவோ, கட்டளை ஐகான்கள் இருக்கும் பலகையான கமாண்ட் கார்டைப் பெரிதாக்கவோ அதில் வழி கிடையாது. திரையின் அமைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். நம் விருப்பத்துக்கு விட்டிருப்பது பெரும்பாலும் ஹாட்கீகளை, அதாவது எந்தக் கட்டளைக்கு எந்த விசை என்பதை மட்டுமே. அந்தச் சுதந்திரம் ரொம்பப் பெரியது, பலர் அதைத் தொடுவதே இல்லை என்பதுதான் வருத்தம்.

வலது கை மவுஸை விட்டு வரவே கூடாது. அப்படியானால் ஆட்டம் முழுவதும் இடது கை எட்டும் தூரத்துக்குள் அடங்க வேண்டும்: எண் வரிசையில் 1 முதல் 5 வரை, அதன் கீழ் க்யூ முதல் டீ வரை, ஏ முதல் ஜி வரை, இசட் முதல் பி வரை. கூடவே டேப், ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ். அதற்கு வெளியே இருக்கும் எந்த விசைக்கும் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்க வேண்டும், கண்ணும் கீழே போய்விடும்.

விசைகளுக்குப் போகும் முன் எஃப்10 அழுத்தி ஆப்ஷன்ஸில் மூன்றைச் சரிசெய்யுங்கள். 'சிம்பிள் கமாண்ட் கார்டு' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள், அது இருக்கும்வரை சில கட்டளைகள் கார்டிலேயே தெரியாது. யூனிட்டுகளின் (வீரர், வாகனம் போன்றவை) உயிரளவைக் காட்டும் ஹெல்த் பார் எப்போதும் தெரியும்படி வையுங்கள். இரண்டு மானிட்டர் இருந்தால் மவுஸ் கர்சரை ஆட்டத்துக்குள் அடைக்கும் வசதியையும் போடுங்கள், இல்லாவிட்டால் திரை ஓரத்தில் ஸ்க்ரோல் செய்யப்போய் கர்சர் பக்கத்து மானிட்டருக்கு ஓடிவிடும்.

இனி ஹாட்கீஸ் பக்கம். ஸ்டாண்டர்ட், கிரிட் என்ற ஆயத்த விசை அமைப்புகள் இரண்டில் ஒன்றை அடிப்படையாக எடுப்பது வழக்கம். ஸ்டாண்டர்டில் கட்டளையின் ஆங்கிலப் பெயரிலிருந்தே பெரும்பாலும் எழுத்து வரும். நினைவில் வைப்பது சுலபம், கைக்குத்தான் எட்டாது. மூவ் எம்-இல், ஹோல்ட் ஹெச்-இல், கட்டிடத்தைத் தூக்கும் லிஃப்ட் எல்-இல், புதிய யூனிட்டுகள் போய்ச் சேரும் இடத்தைக் குறிக்கும் ரேலி ஒய்-இல் என எல்லாம் விசைப்பலகையின் வலப்பாதி. கமாண்ட் கார்டில் 3 வரிசை, வரிசைக்கு 5 கட்டம், ஆக 15 கட்டம். கிரிட் அந்த 15 கட்டத்தையும் இடது கைக்குக் கீழே இருக்கும் 15 எழுத்துகள்மேல் அப்படியே பொருத்துகிறது. திரையில் ஐகான் எந்த இடத்தில் இருக்கிறதோ விசையும் அந்த இடத்தில். புதிதாகத் தொடங்குபவருக்கும், டெரன், ஜெர்க், புரோட்டாஸ் என்ற மூன்று இனங்களையும் மாறி மாறி ஆடுபவருக்கும் கிரிட்தான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கிரிட்டில் ஒரு குறை உண்டு. அட்டாக் முதல் வரிசையின் கடைசிக் கட்டம், அதனால் டீ-இல் வந்து விழுகிறது. ஆட்டத்தில் அதிகம் அழுத்தும் கட்டளைகளில் ஒன்று அது. ஆள்காட்டி விரலை நீட்டி எட்டும் இடத்தில் அது இருக்கக் கூடாது. ஏ-க்கு மாற்றினால் சுண்டுவிரலுக்கு அடியிலேயே வந்துவிடும். ஆனால் தொழிலாளி யூனிட்டின் கார்டில் ஏ ஏற்கெனவே கனிமம் சேகரிக்கும் கேதர் கட்டளைக்குப் போயிருக்கும். ஒரே கார்டில் இரண்டு கட்டளைக்கு ஒரே விசை வந்தால்தான் மோதல், வேறு வேறு கார்டில் வந்தால் பிரச்சினை இல்லை. ஆகவே கேதரை டீ-க்குத் தள்ளிவிடுங்கள். கனிமத்தின்மேல் ரைட் க்ளிக் செய்தாலே அந்த வேலை நடந்துவிடும் என்பதால் இழப்பு ஏதுமில்லை. பாரக்ஸ் போன்ற கட்டிடங்களின் கார்டில் அட்டாக் இல்லை, அங்கே ஏ தன் பழைய வேலையையே பார்க்கும்.

அடுத்தது கன்ட்ரோல் குரூப், அதாவது யூனிட்டுகளையோ கட்டிடங்களையோ ஓர் எண்ணுக்குள் தொகுத்து, அந்த எண்ணை அழுத்தித் தேர்ந்தெடுக்கும் வசதி. எண்கள் பத்து இருந்தாலும் 6-லிருந்து 0 வரை கைக்குத் தூரம். 1 முதல் 5 வரை போதுமானதாக வைத்துக்கொண்டு, மேலும் தேவையென்றால் மவுஸின் பக்கவாட்டுப் பொத்தான்களுக்குக் கொடுங்கள். டெரனுக்கு ஒரு நல்ல பங்கீடு: 1, 2, 3 படைக்கு, 4 தளத்தின் தலைமைக் கட்டிடங்களான கமாண்ட் சென்டர்களுக்கு, 5 உற்பத்திக் கட்டிடங்கள் அனைத்துக்கும். ஐந்தில் பாரக்ஸ், ஃபேக்டரி, ஸ்டார்போர்ட் எல்லாம் சேர்ந்திருந்தாலும் டேப் அழுத்தினால் ஒவ்வொரு வகையாக கார்டு மாறும்.

கன்ட்ரோலோடு எண்ணை அழுத்தினால் குரூப் உருவாகும், ஷிஃப்டோடு அழுத்தினால் இருக்கும் குரூப்போடு சேரும். இது எல்லோருக்கும் தெரியும். ஆல்ட் அவ்வளவாகப் பழக்கத்தில் இல்லை. அதன் வேலை, தேர்ந்தெடுத்த யூனிட்டுகளை மற்ற குரூப்புகளிலிருந்து பிடுங்கிப் புதிய குரூப்பில் போடுவது. எட்டு மரீன் வீரர்களை ஒரு மெடிவாக் விமானத்தில் ஏற்றி எதிரியின் பின்பக்கம் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கன்ட்ரோலால் அவர்களை 3-இல் போட்டால் 1-இலும் அவர்கள் இருப்பார்கள். முன்வரிசைச் சண்டைக்காக 1 அழுத்தி நகர்த்தினால் அந்த மெடிவாக்கும் பாதி வழியில் திரும்பிவிடும். ஆல்ட்டோடு 3 அழுத்தினால் 1-இலிருந்து விலகிவிடும், இந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே உள்ள குரூப்பில் அதே முறையில் சேர்க்க ஆல்ட், ஷிஃப்ட், எண் மூன்றும் சேர்த்து அழுத்த வேண்டும்.

இங்கேதான் தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸில் ஆங்கிலத்தோடு தமிழ் விசைப்பலகையும் சேர்த்திருந்தால், இயல்பாகவே இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்தால் மொழி மாறும். சண்டை நடுவே மெடிவாக்கை 3-இல் சேர்க்கப்போய் விசைப்பலகை தமிழுக்குத் தாவிவிடும். அதன்பின் எழுத்து விசைகள் கட்டளையாகப் போய்ச் சேராமல் போகலாம். பலர் கீபோர்டு பழுது என்றே நினைத்துவிடுவார்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் டைப்பிங் பகுதிக்குப் போய், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸுக்குள் 'இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்' என்பதைத் திறங்கள். 'சேஞ்ச் கீ சீக்வன்ஸ்' அழுத்தி இரண்டு பக்கமும் 'நாட் அசைன்டு' என்று வையுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் இருக்கவே இருக்கின்றன.

ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் எட்டிப்பார்க்கும் ஸ்டிக்கி கீஸ் பெட்டியையும் அப்படியே அணைத்துவிடுங்கள். கட்டளைகளை வரிசையாகக் கொடுக்க ஷிஃப்ட்டை ஓயாமல் தட்டும் ஆட்டம் இது. விலை குறைந்த கீபோர்டுகள் சில, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது ஒன்றை விழுங்கிவிடும். ஆல்ட், ஷிஃப்ட், 3 சேர்ந்து வேலை செய்கிறதா என்று முதலிலேயே சோதித்துவிட்டு அப்புறம் அமைப்பை முடிவு செய்யுங்கள்.

எஃப்2 மொத்தப் படையையும் தேர்ந்தெடுக்கும். ஆல்ட்டால் பிரித்து வைத்த குரூப்பையும் அது விட்டுவைக்காது, மெடிவாக்கும் படைக் கணக்கில்தான் சேரும். தொடக்கத்தில் எஃப்2 கைகொடுக்கும். இரண்டு முனைகளில் சண்டை போடப் பழகியதும் அந்த விசையைக் காலியாக்கிவிடுவதே நல்லது.

கேமராவுக்கு வருவோம். தளத்திலிருந்து தளத்துக்குத் தாவும் கட்டளை இயல்பில் பேக்ஸ்பேஸில் இருக்கிறது, விசைப்பலகையின் மறுகோடியில். அதை ஸ்பேஸுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பேஸில் இருக்கும் 'கடைசி எச்சரிக்கைக்குப் போ' என்பதை வேறொரு காலி விசைக்கு மாற்றுங்கள். ஜெர்க் ஆடுபவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய வித்தியாசம் தரும். ஸ்டாண்டர்ட் விசைப்படி சொன்னால்: குயின்களின் குரூப், வி (தளத்தில் லார்வாவைப் பெருக்கும் கட்டளை), ஸ்பேஸ், திரையில் நடுவே வந்து நிற்கும் தளக் கட்டிடமான ஹேட்சரிமேல் க்ளிக். மறுபடி வி, ஸ்பேஸ், க்ளிக். மவுஸ் இருந்த இடத்திலேயே இருக்கும், ஹேட்சரிகள்தான் ஒவ்வொன்றாகக் கர்சருக்கு அடியில் வரும். எஃப்5 முதல் எஃப்8 வரை இருக்கும் கேமரா இடங்களையும் எஃப்1 பக்கமாக நகர்த்திக்கொள்ளுங்கள்.

விசையை அழுத்திப் பிடித்தால் எவ்வளவு வேகத்தில் திரும்பத் திரும்பப் பதிகிறது என்பதை விண்டோஸ் முடிவு செய்கிறது. கன்ட்ரோல் பேனலில் கீபோர்டைத் திறந்து ரிபீட் டிலேயை மிகக் குறைவாகவும், ரிபீட் ரேட்டை மிக வேகமாகவும் வையுங்கள். ஜெர்க் யூனிட்டுகள் பிறக்கும் லார்வா இருபதைத் தேர்ந்தெடுத்து ஜெர்க்லிங் விசையைப் பிடித்தால் அதன் பலன் அந்த நொடியே தெரியும்.

மாற்றியதெல்லாம் டாக்குமென்ட்ஸில் ஸ்டார்கிராஃப்ட் 2 ஃபோல்டருக்குள், அக்கவுன்ட்ஸ், உங்கள் கணக்கு எண், ஹாட்கீஸ் என்ற பாதையில் கிடக்கும். வெறும் உரைக் கோப்புதான், நோட்பேடில் திறக்கும். கையால் எதையாவது திருத்துவதென்றால் ஆட்டத்தை முழுவதும் மூடிவிட்டுத் திருத்துங்கள். திறந்திருக்கும்போது திருத்தினால், ஹாட்கீஸ் பக்கத்தில் நீங்கள் அடுத்து சேமிக்கும்போது உங்கள் திருத்தத்தின்மேல் ஆட்டம் எழுதிவிடும். கோப்பின் நகல் ஒன்றை வேறு இடத்தில் வைத்திருந்தால், புதுக் கணினியில் அதே ஃபோல்டரில் போட்டு ஹாட்கீஸ் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் அட்டாக்கும் தளக் கேமராவும், அவை பழகியபின் ஆல்ட் குரூப்புகள் என்று போங்கள். ஆட்டத்தின் ஆர்கேட் பகுதியில் இருக்கும் யூனிட் டெஸ்டர் மேப்பில் ஒவ்வொரு கட்டிடத்தையும் யூனிட்டையும் வரவழைத்து கார்டைப் பார்க்கலாம். எந்த ஐகானின் ஓரத்திலாவது விசை எழுத்து இல்லாமல் இருந்தால் அந்தக் கட்டளைக்கு விசை போகவில்லை என்று பொருள், ஹாட்கீஸ் பக்கத்துக்குத் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.