மண்ணெண்ணெய் குடித்த மெசினும் ஸ்காபரோவின் புல்வெட்டியும்

ஸ்காபரோவில் வீடு வாங்கினால் முன்னும் பின்னும் புல்லும் சேர்ந்தே வரும். அதை அதன்பாட்டில் வளரவிட முடியாது. 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தால் ரொறன்ரோ மாநகர விதிப்படி குற்றம். அயலில் யாராவது முறையிட்டால் அதிகாரி வந்து பார்த்து அறிவித்தல் தந்துவிட்டுப் போவார். ஊரில் இந்தக் கவலையெல்லாம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உரியது. இங்கே மே மாதம் பிறந்தால் கிழமைக்கொரு தடவை நாங்களே வெட்ட வேண்டும்.

வீட்டை விற்றவர்கள் பின்வளவுக் கொட்டிலில் ஒரு பழைய புல்வெட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கயிற்றை இழுத்தால் சுற்றும், ஸ்ராட் வராது. மூன்றரைக் குதிரைவலுப் பிறிக்ஸ் அன்ட் ஸ்ராற்றன் எஞ்சின். மில்வோக்கியில் 1908இல் தொடங்கிய கம்பனி அது. எஞ்சினின் மேல்மூடியில் குத்தியிருக்கும் இலக்கத்திலேயே பிறந்த நாளும் இருக்கிறது: முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்த இரண்டு நாள். எங்களுடையது 78 என்று தொடங்கியது. என் தம்பியின் வயது.

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் படம் அனுப்பினேன். "அண்ணை, உதுக்குச் செலவழிக்கிற காசுக்குப் புதுசு வாங்கலாம், குப்பையில போடுங்கோ" என்றார். கூலி கொடுத்துத் திருத்துவதென்றால் அவர் சொன்னது சரிதான். ஆனால் கூலி என்னுடையது என்றால் கணக்கு வேறு. யாழ்ப்பாணத்தில் புன்னாலைக்கட்டுவனில் இருக்கும் ஐயாவுக்கும் வீடியோவில் காட்டினேன். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைத்தே எங்களை வளர்த்த மனிதர். பிளக்கில் தீப்பொறி விழுகிறதா என்பதுதான் அவர் கேட்ட ஒன்றே ஒன்று: "பொறி வருதோ?"

அதற்கு முதல் அமுக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மானி தேவையில்லை. எஞ்சினோடு சுற்றும் பாரச்சக்கரமான பிளைவீலைக் கையால் எதிர்ப்பக்கமாக வேகமாகச் சுற்றிவிட்டால், அமுக்கம் நல்லாயிருந்தால் அது வெடுக்கென்று திரும்பி வரும். வந்தது. ஐயா கேட்ட பொறிதான் இல்லை. 1982க்கு முந்திய இந்த எஞ்சின்களில் மின்னணுச் சுடர் முறை கிடையாது. பிளைவீலுக்கு அடியில் பொயின்ற் இருக்கும்; மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை அது. எத்தனையோ வருடம் சும்மா கிடந்ததில் அதன் முகத்தில் பாசி மாதிரி ஒரு படலம். மெல்லிய அரத்தாளால் தேய்த்து, இடைவெளியை அரை மில்லிமீற்றருக்கு வைத்ததும் நீலப்பொறி பளிச்சென்று விழுந்தது. பிளைவீலைக் கழற்றும்போது அதைத் தண்டோடு பிடித்திருக்கும் சாவி என்ற சிறிய அலுமினிய ஆப்பையும் பாருங்கள். கத்தி மரவேரில் அடித்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். கொஞ்சம் விலகியிருந்தாலே பொறி நேரந்தவறி விழும். அதற்குப் பதிலாக இரும்புச் சாவி போடவே கூடாது. அலுமினியம் விட்டுக்கொடுப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்டு தப்புகிறது.

இனிக் கார்புரேற்றர், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் உறுப்பு. எனக்கு இந்த எஞ்சினில் மிகவும் பிடித்த பகுதி. பல்சாஜெற் என்ற இந்த வகையில் மிதவை கிடையாது. பெற்றோல் தாங்கியின் தலையிலேயே கார்புரேற்றர் குந்தியிருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் டயபிரம் என்ற மெல்லிய திரை ஒன்று. பிஸ்ரன் காற்றை உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் அந்தத் திரை துடிக்கும். அந்தத் துடிப்பிலேயே நீளக்குழாய் வழியாக எரிபொருள் மேலேறித் தாங்கிக்குள் இருக்கும் சிறு கிண்ணத்தில் நிறையும். மிஞ்சியது வழிந்து திரும்பவும் கீழே போய்விடும். எஞ்சின் குட்டைக்குழாயால் அந்தக் கிண்ணத்திலிருந்து குடிக்கும். தாங்கி நிறைந்திருந்தாலும் அடியில் கிடந்தாலும் அதற்குக் கிடைக்கும் மட்டம் ஒன்றே. ஸ்ராட் பண்ணும்போது காற்றைக் குறைக்கும் சோக்கையும் அதே திரைதான் திறக்கிறது, இடைவெளியை அடைக்கும் கேஸ்கெற்றாகவும் இருக்கிறது. சில டொலருக்கு வாங்கும் ஒரு துண்டு ரப்பர்ச் சீலை மூன்று வேலை செய்கிறது. இதை யோசித்துச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

எங்களுடைய திரை காய்ந்து மட்டையாகியிருந்தது. குழாயின் அடிவலையில் பிசின், கார்புரேற்றரின் உட்சுவரில் வெள்ளைப் பூப்பு. கழுவும் திரவத்தில் ஊறவைக்க முதல் நைலோன் குழாய்களைக் கழற்றிவிட வேண்டும். சிறு துளைகளைக் காற்றடித்தே திறக்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெருத்துவிடும். அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: தாங்கியின் மேல்முகம் மட்டமா என்று பார்க்க வேண்டும். நேர்மட்டத்தை வைத்து, இடைவெளி அளக்கும் 0.05 மில்லிமீற்றர் பீலர் கேஜ் தகடு அதற்குள் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் காற்று ஒழுகும், புதுத்திரை போட்டும் பயனில்லை. எல்லாம் பூட்டியபின், பெற்றோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசித்திருகை மெதுவாக முட்டும்வரை மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்தால் ஸ்ராட் வரும். சூடேறிய பிறகு காதால் கேட்டுச் சரிசெய்யலாம். ஸ்ராட் வந்தபோது ஐயா தொலைபேசியில் சத்தத்தைக் கேட்டுவிட்டு "பெற்றோல் கொஞ்சம் கூட, குறை" என்றார். குறைத்தேன். சரியாகிவிட்டது.

அந்தக் காது எங்கே பழகியது என்று எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அருமருந்தானது. மோட்டார் சைக்கிளும் இறைப்பு மெசினும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிளக்கில் கரி அப்பும், கழற்றித் தேய்ப்போம். தவறான எரிபொருளில் எஞ்சினை உயிரோடு வைத்திருக்க எங்களுக்குத் தெரியும்.

ஆனால் நல்ல எரிபொருளால் எஞ்சின் சாகும் என்பதை இங்கே வந்துதான் அறிந்தேன். ஊரில் எந்தப் பெற்றோலும் பழுதாகும்வரை தாங்கியில் கிடந்ததில்லை. அவ்வளவு இருந்ததே இல்லை. இங்கே ஒக்ரோபர் கடைசியில் கொட்டிலில் வைத்த புல்வெட்டியை ஏப்ரல் முடிவில்தான் தொடுகிறோம். அதற்குள் பெற்றோலின் இலகுவான பகுதி பறந்துவிட, எஞ்சியது பிசினாகித் துளைகளை அடைக்கிறது. ஒன்ராறியோவின் சாதாரணப் பெற்றோலில் சுமார் நூற்றுக்குப் பத்துப் பங்கு எதனோல். அது ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் கார்புரேற்றரின் துத்தநாகக் கலவையை அரிக்கும். குப்பை எடுக்கும் நாளில் வீதியோரத்தில் நிற்கும் புல்வெட்டிகள் பலவற்றுக்கு இதைத் தவிர வேறு வருத்தம் இல்லை. அவற்றைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை.

எனவே பனிக்காலத்துக்கு முதல் தாங்கியை வடித்துவிடுங்கள். மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். சூடாக இருக்கும்போதே எஸ்ஏஈ 30 ஒயிலை மாற்றி, பிளக் வயரைக் கழற்றிவிட்டுக் கத்தியின் அடிப்பக்கத்தில் ஒட்டிய புல்லைச் சுரண்டுங்கள். ஒரு பின்னேர வேலை.

இப்போது முன்வீட்டுக்காரரின் புல்வெட்டி என் கராஜில் நிற்கிறது. அதே வகை எஞ்சின், கொஞ்சம் இளையது. அதன் தாங்கியின் மேல்முகம் குழிந்துபோயிருக்கிறது. கார்புரேற்றர் சுத்தமாகிவிட்டது, புதுத்திரையும் வாங்கியாகிவிட்டது. பழைய தாங்கி ஒன்று கிடைத்தால் பூட்டிவிடுவேன். பழைய புல்வெட்டியை வெளியே வைக்க நினைத்திருப்பவர்கள் வைக்க முதல் ஒருமுறை அதன் தாங்கியைத் தட்டிப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.