கனடாவின் கரிசல்: வினிபெக் களிமண்ணில் காங்கிரீட் போடும்போது

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசலைப் பார்த்தவர்களுக்கு வினிபெக் மண்ணைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்தக் குணத்தோடு இங்கே ஐந்து மாத உறைபனியும் சேர்ந்துகொள்கிறது. ஜனவரி இரவில் மைனஸ் 20 டிகிரி என்பது சாதாரணம். பனி தள்ளிச் சுத்தமாக வைத்திருக்கும் டிரைவ்வேக்கு (வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும் தளத்துக்கு) அடியில் மண் 2 மீட்டர் ஆழம்வரை உறையும். போர்வைபோலப் பனி மூடிக் கிடக்கும் புல்தரையில் அவ்வளவு ஆழம் போகாது.

ஊரே ஒரு பழைய ஏரியின் படுகையில்தான் இருக்கிறது. பனியூழிக் கடைசியில் இருந்த அகாசிஸ் ஏரியின் வண்டல் சுமார் பத்து மீட்டர் கனத்துக்குக் களிமண்ணாகப் படிந்திருக்கிறது. 1913 அக்டோபரில் ஊருக்குக் கிழக்கே டிரான்ஸ்கோனாவில் புதிதாகக் கட்டிய தானியக் கிடங்கில் கோதுமை நிரப்பிக்கொண்டிருந்தபோது, அது ஒரே நாளில் கிட்டத்தட்ட 27 டிகிரி சாய்ந்துவிட்டது. காங்கிரீட் நொறுங்கவில்லை, அடியிலிருந்த களிமண்தான் பிதுங்கியது. பிறகு அதை நிமிர்த்திப் பயன்படுத்தினார்கள். பொறியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிற பாடம் அது. ஆனால் வீட்டுக்காரருக்கு வருகிற பிரச்சினை இதற்கு நேர் எதிரானது. வீடு, டிரைவ்வே, டெக் எனும் வெளி மரத்தளம் எல்லாமே எடை குறைந்தவை. அவற்றை மண் கீழே விடுவதில்லை, மேலே தூக்குகிறது. தூக்குவது தண்ணீர். அதனால் இந்த ஊரில் வேலையின் தரம் காங்கிரீட் ஊற்றும் நாளில் தீர்மானமாவதில்லை. லாரி வருவதற்கு முன்னால் தண்ணீருக்கு எந்த வழி வைத்தோம் என்பதில் இருக்கிறது.

கணக்குக்கு ஒரு டிரைவ்வேயை எடுத்துக்கொள்வோம். அகலம் 6 மீட்டர், நீளம் 10 மீட்டர், கனம் 125 மி.மீ. அடியில் 200 மி.மீ. ஜல்லி. தோண்ட வேண்டியது 325 மி.மீ. மேல்மண்ணும் வேரும் அதற்குக் கீழேயும் போயிருந்தால் அவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

தோண்டிய களிமண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பாருங்கள். 3 மி.மீ. நூலாகத் திரியும்போது உதிர ஆரம்பித்தால் ஈரம் சரியாக இருக்கிறது. அதைவிட மெல்லியதாக, முறுக்கு மாவுபோல நீண்டுகொண்டே போனால் ஈரம் அதிகம். அதன்மேல் மண்ணை அடித்து இறுக்கும் கம்பாக்டரை ஓட்டினால் மெத்தைபோல அசையும், இறுகாது. இரண்டு நாள் காயவிட வேண்டும். நூலே திரிக்க வராமல் உடைந்தால் அதிகமாகக் காய்ந்துவிட்டது, இதுதான் பெரிய ஆபத்து. ஜூலை வெயிலில் ஒரு வாரம் திறந்து போட்டு, பாளம் பாளமாக வெடித்த மண்மேல் காங்கிரீட் போட்டால், பிறகு அந்த மண் இழந்த ஈரத்தையெல்லாம் மெதுவாகக் குடித்து ஊதும். ஸ்லாப் உறைபனி இல்லாமலே தூக்கிக்கொள்ளும். தோண்டிய இடத்தைச் சீக்கிரம் மூடிவிடுவது நல்லது.

அடுத்தது, பெரும்பாலோர் கோட்டை விடுகிற இடம். களிமண்ணில் குழி வெட்டி ஜல்லி நிரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஜல்லிக்குள் வடியும், சரி. அதற்குப் பிறகு எங்கே போகும்? நாலு பக்கமும் அடியும் களிமண். நாம் கட்டியிருப்பது ஜல்லி நிரம்பிய தொட்டி. அக்டோபர் மழை முழுக்க அதில் தேங்கி நின்று, நவம்பரில் உறைகிறது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருகும். அதோடு முடிவதில்லை. உறைகிற மட்டத்துக்குக் கீழேயிருக்கும் ஈரமும் மேல்நோக்கி இழுக்கப்பட்டு அடுக்கடுக்காகப் பனிக்கட்டித் தகடுகள் ஆகும். மார்ச் மாதம் கராஜ் வாசலில் ஸ்லாப் 25 மி.மீ. எழும்பி நிற்பதற்கும், கதவின் ரப்பர் மடங்கிக் கிழிவதற்கும் அதுதான் காரணம்.

ஆகவே ஜல்லி போடுவதற்கு முன் களிமண் தரையையே 2 சதவீதம் சரிவாக வெட்ட வேண்டும். 10 மீட்டருக்கு 200 மி.மீ. இறக்கம். மேலே ஸ்லாப் சரிந்தால் போதாது, அடித்தரையும் அதே திசையில் சரிய வேண்டும். கீழ்முனையில் துளையிட்ட 100 மி.மீ. குழாயைத் துணியுறையோடு குறுக்கே படுக்க வைத்து, அதைச் சாலையோர வாய்க்காலுக்கோ தாழ்வான ஓர் இடத்துக்கோ கொண்டுபோய்விட வேண்டும். வெளியேற வழி இல்லாத குழாயைப் புதைப்பதும் ஒன்றுதான், புதைக்காமல் விடுவதும் ஒன்றுதான்.

சரிவு முடிந்ததும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும், விளிம்புகளில் 300 மி.மீ. மேலேறி வரட்டும். துணி இல்லாவிட்டால் வசந்தத்தில் இளகும் களிமண் ஜல்லிக்குள் ஏறும். நாலைந்து ஆண்டில் 200 மி.மீ. ஜல்லி பாதி சேறாகிவிடும். துணிமேல் 20 மி.மீ. சைஸ் உடைத்த சுண்ணக்கல், நூறு நூறு மி.மீட்டராக இரண்டு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக அடித்து இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் தட்டுவது வெறும் கண்துடைப்பு. விளிம்பு நீட்டத்தையும் சேர்த்தால் சுமார் 28 டன் வரும்.

கம்பி 10எம் (கனடாவில் சொல்லும் கம்பி அளவு), இரு திசையிலும் 400 மி.மீ. இடைவெளி. 16 கம்பி 10 மீட்டர், 26 கம்பி 6 மீட்டர், ஆக 316 மீட்டர். கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டும் நீளத்துக்கும் சேர்த்து 350 மீட்டர் வாங்கினால் எடை ஏறத்தாழ 275 கிலோ. அடியில் கவர் பிளாக் எனும் சிறு கட்டைகள் வைத்து, கம்பி ஸ்லாப்பின் நடுவில் நிற்க வேண்டும். ‘ஊற்றும்போது கொக்கி போட்டுத் தூக்கிக்கொள்ளலாம்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். தூக்கிய கம்பியை அடுத்த நிமிஷமே மிதித்து இறக்கிவிடுவார்கள். கம்பி வெடிப்பைத் தடுக்காது, வெடித்த இரு பக்கமும் ஏறி இறங்காமல் பிடித்து வைக்கும். வீட்டுச் சுவர் ஓரத்திலும் தூண்களைச் சுற்றியும் 12 மி.மீ. தார் ஊறிய ஃபைபர் போர்டு வைத்துப் பிரித்துவிட வேண்டும், ஸ்லாப் தன் பாட்டுக்கு அசையட்டும்.

காங்கிரீட் 7.5 கன மீட்டர், 8 சொல்லலாம். சொல்லும்போது ‘டிரைவ்வே மிக்ஸ்’ என்று மட்டும் சொல்லாமல் கனடாவின் தர நிர்ணய அமைப்பான சிஎஸ்ஏவின் விதியில் உள்ள சி-2 வகுப்பு என்று கேளுங்கள்: வலு 32 மெகாபாஸ்கல், தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக் கூடாது, காற்று 5 முதல் 8 சதவீதம். நம்மூரில் காற்று என்றால் குறை, வைப்ரேட்டர் போட்டு வெளியேற்றுவோம். இங்கே அதை மருந்து போட்டு உள்ளே வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள்தான், உறையும் தண்ணீர் ஒதுங்கிக்கொள்ள இடம் தருகின்றன. எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் கால் மில்லிமீட்டர் தூரத்துக்குள் ஒரு குமிழி இருக்க வேண்டும் என்பது கணக்கு.

லாரியிடம் வந்ததும் வேலையாட்கள் கேட்கும் முதல் வார்த்தை ‘கொஞ்சம் தண்ணி விடு’ என்பதுதான். ஒரு கன மீட்டருக்கு 5 லிட்டர் விட்டால் ஸ்லம்ப் (காங்கிரீட் எவ்வளவு இளக்கம் என்று காட்டும் அளவு) 25 மி.மீ. கூடும், சுலபமாக ஓடும். வலு குறையும், அதைவிட மேற்பரப்பில் தண்ணீர் மிதந்து, மேல் 3 மி.மீ. பலவீனமாகிவிடும். பனியை உருக்கத் தூவும் உப்பும் உறைபனியும் தாக்குவது அந்த 3 மி.மீட்டரைத்தான். ஓட்டம் வேண்டுமானால் தண்ணீர் கூட்டாமலே இளக்கும் பிளாஸ்டிசைசர் மருந்து போடச் சொல்லுங்கள்.

மட்டக்கோல் இழுத்து, புல்ஃப்ளோட் எனும் நீண்ட கைப்பிடித் தேய்ப்புப் பலகையை ஒருமுறை போட்டதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கசிந்த நீர் கண்ணாடிபோல் மின்னும், அது முழுக்க மறையும்வரை கரண்டி படக் கூடாது. மின்னும்போதே தேய்த்தாலோ உலர் சிமெண்ட் தூவி உறிஞ்சவிட்டாலோ, அடுத்த ஏப்ரலில் காசு காசாகத் தோல் உரிந்து உள்ளே கல் பல்லிளிக்கும். பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தும் விரலில் பசை ஒட்டாத பதத்தில் மெக்னீசியம் ஃப்ளோட் (கைத் தேய்ப்புப் பலகை), பிறகு துடைப்பக் கோடு. அவ்வளவுதான். இரும்புக் கரண்டி மழமழப்பு வெளிவேலைக்கு வேண்டாம். மேலே இருக்கும் காற்றுக் குமிழிகளை அது அழித்துவிடும், பனியில் வழுக்கியும் விடும்.

வெட்டுக்கோடு 3 மீட்டருக்கு ஒன்று, ஆழம் 32 மி.மீ. கோடையில் ஆறு மணி நேரத்திலேயே கட்டர் இறங்கலாம், குளிரில் பன்னிரண்டு ஆகலாம். விளிம்பில் கல் பெயராமல் வெட்டினால் நேரம் சரி. மறுநாள் காலை வெட்டலாம் என்று தூங்கப் போனால், ஸ்லாப் தனக்கு இஷ்டமான இடத்தில் தானே வெடித்துக்கொள்ளும்.

க்யூரிங்கில், அதாவது புதுக் காங்கிரீட் காயாமல் காப்பதில், நம்மூர்ப் பழக்கம் ஒன்று இங்கே காலை வாரும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது ஜூன், ஜூலையில் அருமையான வேலை. அக்டோபரில் அதையே செய்தால் நீர் குடித்த ஸ்லாப்பை அப்படியே உறைபனியிடம் ஒப்படைத்ததாகும். இலையுதிர்காலத்தில் ஈரத்தை உள்ளேயே அடைக்கும் க்யூரிங் காம்பவுண்ட் தெளித்து, இன்சுலேஷன் உள்ள தார்ப்பாய் போர்த்தி, 10 டிகிரிக்குக் குறையாமல் ஏழு நாள் காக்க வேண்டும். வெப்பமானியை நடுவில் வைக்காதீர்கள், முதலில் குளிர்வது மூலைதான். 3.5 மெகாபாஸ்கல் வலு வந்த பிறகு ஒருமுறை உறைந்தால் தாங்கும்; ஈரத்தோடு திரும்பத் திரும்ப உறைந்து உருக வேண்டுமானால் 24 மெகாபாஸ்கல் வேண்டும். உறைந்த மண்மேல் ஊற்றவே கூடாது. அது இளகும்போது ஸ்லாப்பும் கூடவே இறங்கும். கூடாரம் போட்டு ஹீட்டர் வைத்தால் புகை வெளியே போகிற வகை மட்டும். கூடாரத்துக்குள் தங்கும் கரியமில வாயு புது மேற்பரப்பை மாவாக்கிவிடும். சீக்கிரம் இறுகட்டும் என்று கம்பி இருக்கும் ஸ்லாப்பில் கால்சியம் குளோரைடு போட வேண்டாம், குளோரைடு இல்லாத ஆக்ஸலரேட்டர் கிடைக்கிறது.

டெக் தூண்களில் உறைபனி வேறு விதமாக விளையாடும், பக்கவாட்டில் பிடித்துத் தூக்கும். 300 மி.மீ. விட்டமுள்ள தூணை 2 மீட்டர் உறைந்த களிமண் பற்றினால், சதுர மீட்டருக்கு 65 கிலோநியூட்டன் கணக்கில் மேல்நோக்கிய இழுப்பு ஏறத்தாழ 12 டன். மேலேயிருக்கும் மரத்தளத்தின் எடையில் அந்தத் தூணுக்கு வரும் பங்கு ஒன்றிரண்டு டன்தான். அதனால்தான் இங்கே 5, 6 மீட்டர் துளையிடுகிறார்கள். மேல் 2 மீட்டருக்கு வழவழப்பான குழாயும் இரட்டை பாலித்தீனும் சுற்ற வேண்டும், கம்பி தூணின் முழு நீளத்துக்கும் போக வேண்டும். மேலே மட்டும் கம்பி வைத்த தூண், உறையும் மட்டத்துக்குக் கீழே முறுக்குபோல இரண்டாக ஒடியும்.

அஸ்திவாரத் தூண்கள்மேல் ஓடிச் சுவரைத் தாங்கும் கிரேடு பீமுக்கு அடியில் 150 மி.மீ. வெற்றிடம் விடுவதும் இதே காரணத்துக்காகத்தான். அட்டைப் பெட்டியை வைத்து ஊற்றுகிறார்கள். அட்டை பிறகு நனைந்து சரியும், மண் ஊத இடம் கிடைக்கும். அட்டைக்குப் பதில் மண்ணையே மட்டமாக்கி அதன்மேல் பீமை ஊற்றிச் செலவை மிச்சம் பிடித்தால், அந்த மண் பீமோடு வீட்டையும் நெம்பும். மண்ணோடு ஒட்டும் காங்கிரீட்டுக்குச் சல்பேட்டைத் தாங்கும் ஹெச்எஸ் வகை சிமெண்ட் தேவை. இந்தக் களிமண்ணில் சல்பேட் உள்ள ஜிப்சம் தாராளம். வெள்ளக் கால்வாய் வெட்டிய இடத்தில் செலினைட் எனும் ஜிப்சம் படிகங்களைப் பொறுக்கிச் சேகரிக்கிறவர்கள் உண்டு.

முதல் குளிர்காலத்தில் புது டிரைவ்வேயில் எந்த உப்பும் வேண்டாம். வழுக்கினால் மணல் தூவலாம். அம்மோனியம் உரத்தை உப்புக்குப் பதிலாகத் தூவச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள், அது காங்கிரீட்டையே அரிக்கும். காரின் அடியில் ஒட்டிவந்து சொட்டும் சாலை உப்பைத் தடுக்க முடியாது. அதற்காகவே, ஊற்றி 28 நாள் கழித்து, இரண்டு நாள் மழையில்லாத வெயிலாகப் பார்த்து, நீர் ஊறாமல் தடுக்கும் சிலேன் சீலர் அடிக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் ஊற்றினால் அந்த 28 நாள் முடிவதற்குள் குளிர் வந்துவிடும். அதனால்தான் அப்போது ஊற்றுவதைவிட அடுத்த மே மாதம்வரை ஜல்லியோடு விட்டுவைப்பது மேல். ஜல்லியும் ஒரு குளிர்காலம் உறைந்து இளகி, எங்கே அமுங்குகிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று காட்டிவிடும்; அப்போது அதைச் சரிசெய்ய ஒரு லோடு கல்லும் அரை நாளும் போதும்.