நல்ல தண்ணி வரும் நாள்: கோவில்பட்டிக் குறிப்புகள்

அக்டோபர் 2, 2024. புதன்

நெல்லை எக்ஸ்பிரஸ் இருட்டிலேயே கோவில்பட்டியில் இறக்கிவிட்டது. நண்பன் துபாயில் இருக்கிறான். அவன் வீட்டு மாடி அறையில் பன்னிரண்டு நாள் தங்கி, லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்ப்பதாகத் திட்டம். கீழே அவன் அம்மா மட்டும்.

முதல் நாளே சொதப்பினேன். குளியலறைக் குழாயில் வந்த தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை. தலையில் தேய்த்த ஷாம்பு பிசுபிசுவென்று அப்படியே நின்றது. முற்றத்தில் தட்டு போட்டு மூடிய அண்டா கண்ணில் பட்டது. இரண்டு வாளி மொண்டு ஆசை தீரக் குளித்தேன்.

காபி கொடுக்கும்போது அம்மா கேட்டார்: "தம்பி, அண்டாத் தண்ணியவா எடுத்தீக?"

குரலில் கோபம் துளிகூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அக்டோபர் 3. வியாழன்

பாடம் தொடங்கிவிட்டது. போர் போட்டு எடுப்பது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அதுதான். அதில் பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி. சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக வரும் தாமிரபரணி. நேற்று நான் தலைக்கு ஊற்றிக்கொண்டது அதைத்தான்.

நல்ல தண்ணி எப்போது வரும்? இந்தத் தெருவில் இதற்கு யாரும் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. "போன தடவை வந்து ஆறு நாள் ஆச்சு" என்கிறார்கள். மீதியை நாம்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். உறவுக்காரர்களை வீட்டுக்கு அழைப்பது, அரிசி ஊறப்போடுவது எல்லாமே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

அப்புறம் டீக்கடை. "யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?" இன்று மட்டும் நான்கு பேர் கேட்டார்கள். என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

அக்டோபர் 5. சனி

எட்டயபுரம் ஆட்டுச் சந்தை. எதிர்வீட்டு அண்ணன் பைக்கில் கூட்டிப்போனார். பாரதி பிறந்த ஊர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அண்ணனுக்கோ அது சனிக்கிழமைச் சந்தை ஊர். தீபாவளி நெருங்குவதால் நல்ல கூட்டம். வெள்ளை உடம்பில் செம்பழுப்புப் பொட்டு இருந்தால் வேம்பூர் ஆடு, உயரமாகக் கால் நீண்டிருந்தால் கொடி ஆடு, கறுப்பு முகத்தில் இரண்டு கோடு இறங்கினால் கன்னி ஆடு என்று சொல்லிக்கொடுத்தார். நான் சரியாகச் சொன்னது ஒன்றே ஒன்று.

வழியெல்லாம் கரிசல். புழுதியிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறார்கள். "உளுந்து, மக்காச்சோளம் எல்லாம் உள்ளதான் கிடக்கு. மேலே இருந்து விழணும்" என்றார் அண்ணன். பேச்சோடு பேச்சாக, தன் மனைவிக்கும் எங்கள் வீட்டு அம்மாவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் சொன்னார். குழாயில் டியூப் மாட்டுவதில் தொடங்கிய சண்டையாம். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 7. திங்கள்

அதிகாலை நான்கு மணிக்கு இரும்புக் கேட்டை யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. எட்டிப்பார்த்தபோது எதிர்வீட்டு அக்கா திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அம்மா அதற்குள் குடத்தோடு வாசலில்.

"பேச மாட்டீங்கன்னு சொன்னாங்களே?"

"பேச மாட்டோம். தண்ணி வந்தா தட்டாம இருக்க முடியுமா?"

தரைத்தொட்டி, அண்டா, பதினோரு குடம், கடைசியில் சொம்புகூட. பிரஷர் குறைந்து குழாய் இருமத் தொடங்கும்வரை பிடித்தோம். குடத்தை இடுப்பில் வைக்க எனக்கு இடுப்பு வளையவில்லை. தோளில் வைத்துச் சட்டையெல்லாம் நனைந்தது. தெருவே சிரித்தது. அண்டாக் கடன் பாதி அடைந்ததாக வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 8. செவ்வாய்

கடலைமிட்டாய் போடுவதைப் பார்க்கப் போனேன். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய். ஆனால் பட்டறை ஒரு பழைய வீட்டின் பின்கட்டுதான். வெல்லப்பாகு கொதிக்கிறது. வயதானவர் ஒருவர் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டார். கையில் எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினார். மந்தமாக ஒலித்தது. தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் காய்ச்சினார். அடுத்த சொட்டு "டிங்" என்றது. அவ்வளவுதான், தோல் நீக்கிய கடலை உள்ளே போனது. சூடு ஆறுவதற்குள் பலகையில் கொட்டி, கட்டையால் உருட்டிச் சமப்படுத்தி, வெட்டிவிட வேண்டும். அந்தச் சில நிமிடம் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

"இந்த ருசி வேற ஊர்ல ஏன் வரலை?" என்று கேட்டேன்.

"கரிசக்காட்டுக் கடலை. அப்புறம் பாகுக்கு ஊத்துறது தாமிரபரணித் தண்ணில்ல."

இரண்டு வாளி. எத்தனை கிலோ மிட்டாய்க்கான தண்ணீரில் குளித்தேனோ!

அக்டோபர் 9. புதன்

நாளெல்லாம் மீட்டிங். சாயங்காலம் முதுகில் ஹாக்கி மட்டையோடு சைக்கிளில் போகும் பையன்களைப் பின்தொடர்ந்து மைதானம் வரை நடந்தேன். 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்த மாரீஸ்வரன் இந்த ஊர்க்காரர். அதே அணியில் இருந்த கார்த்தி அரியலூர்க்காரர், பயிற்சி இங்கே. பக்கத்தில் நின்ற தாத்தா ஒருவர் ஒவ்வொரு பாஸுக்கும் திட்டிக்கொண்டே இருந்தார். எந்தப் பையனும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 10. வியாழன்

மழை. மதியம் மூன்று மணிக்குக் கறுத்து, ஒரு மணி நேரம் கொட்டியது. அம்மா மாடிக்குழாய்க்கு அடியில் பாத்திரங்களை வரிசையாக வைத்தார். முதலில் விழுந்ததைக் கீழே கொட்டிவிட்டு, பிறகு பிடித்தார். ராத்திரி அந்தத் தண்ணீரில் வெந்த துவரம்பருப்பு மத்தே தேவைப்படாமல் குழைந்திருந்தது. ஊர் எல்லை வரை நடந்துபார்க்க ஆசைப்பட்டேன். கரிசல் மண் ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது.

அக்டோபர் 11. வெள்ளி

ஆயுத பூஜை. தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) ஒன்றில் பொரிகடலை கொடுத்தார்கள். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம். நேற்றைய மழையைப் பற்றி இங்கே யாருக்கும் சந்தோஷமில்லை. ஈரம் இருந்தால் குச்சி காயாது. விவசாயி கேட்கும் மழையும் தீப்பெட்டிக்காரர் கேட்கும் வெயிலும் ஒரே ஊரில். பதினான்கு வருஷம் ஒரு ரூபாயில் நின்ற பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. அதற்கு மேல் ஏற்றினால் லைட்டர் பக்கம் போய்விடுவார்கள் என்று பயம். இருபது ரூபாய்க்குக் கீழான லைட்டர் இறக்குமதிக்கு 2023-ல் தடை போட்டாலும், பெட்டிக்கடையில் தொங்கத்தான் செய்கிறது என்று ஒருவர் புலம்பினார்.

அக்டோபர் 13. ஞாயிறு

இன்று ராத்திரி ரயில். மூட்டையில் நான்கு கிலோ கடலைமிட்டாய்.

விடியற்காலை மூன்றரைக்குத் தூக்கம் கலைந்தது. கீழே குழாயில் "புஸ்" என்று காற்று. தண்ணீருக்கு முன்னால் வருவது காற்றுதான், இப்போது எனக்கும் தெரியும். இறங்கி ஓடினேன். அம்மாவை எழுப்பினேன், குடத்தை வைத்தேன். எதிர்வீட்டில் இருட்டு. போய் கேட்டைத் தட்டினேன். மூன்று தட்டு.

லைட் எரிந்தது. அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு எட்டிப்பார்த்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"நீங்க இன்னைக்கு ஊருக்குப் போறீகன்னுல்ல சொன்னாக?"

"ராத்திரிதான் அக்கா."

"சரி சரி, அந்த நீல டியூப்பைப் பிடிங்க" என்று உள்ளே போனார்.