காது கேட்காதவர் சொன்ன கதை

எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. மெஷின் வைத்திருக்கிறேன். ஆனால் உறவுக்காரர்கள் கூடும் இடத்தில் இரைச்சல் தாங்காமல் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். கழற்றியதைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர்கள் என்னைப் பற்றியே பேச ஆரம்பிப்பார்கள். "இவன் இப்பல்லாம் ஒரு மாதிரி ஆயிட்டான்." வலது காது நன்றாகக் கேட்கும் என்பது அவர்களுக்கு மறந்துவிடும்.

அதனால்தானோ என்னவோ, கென் கீஸியின் 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' நாவலில் எல்லோரும் மனநல வார்டின் அதிகாரத்தை எதிர்க்கும் நாயகன் மெக்மர்ஃபியைக் கொண்டாட, நான் அங்கே இன்னொரு நோயாளியான சீஃப் பிராம்டனிடம் மாட்டிக்கொண்டேன். 1975-ல் வந்த படத்தில் அவர் பெரும்பாலும் பேசாமல் நிற்கும் நெடிய உருவம். 1962-ல் வந்த நாவலில் கதை சொல்வதே அவர்தான். செவிடு, ஊமை என்று நம்பி, மனநல வார்டின் ஊழியர்கள் அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் பேசுகிறார்கள். அவர் தரையைத் துடைத்தபடி கேட்கிறார். இந்த நடிப்பைத் தான் தொடங்கவில்லை, காது கேட்காதவனைப் போல முதலில் நடத்தியது மற்றவர்கள்தான் என்று ஓரிடத்தில் சொல்வார். அந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

சரி, அவர் தெளிவானவரா? சுவருக்குள் இயந்திரங்கள் ஓடுகின்றன, வார்டில் வேண்டுமென்றே பனிமூட்டத்தைப் பரப்புகிறார்கள் என்றெல்லாம் நம்புகிறவர். நோய் நிஜம்தான். ஆனால் அங்கே யார் யாரை எப்படி அடக்குகிறார்கள் என்பதை அவர் அளவுக்குத் துல்லியமாகப் பார்த்தவரும் இல்லை. 'பைத்தியங்களே ஞானிகள்' என்ற சுலபமான பேச்சு எனக்கு ஒத்துவராது. இந்த நாவல் அங்கே போகாததுதான் அதன் பலம். (பெண்களை எழுதிய விதம் மட்டும் மகா மட்டம்.)

1973-ல் டேவிட் ரோசன்ஹான் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவரையும் சேர்த்து எட்டுப் பேர், குரல் கேட்கிறது என்று பொய் சொல்லி 12 மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். சேர்ந்ததும் வழக்கம்போல நடந்துகொண்டார்கள். வெளியே வர சராசரியாக 19 நாள் ஆனது. குறிப்பேட்டில் எழுதியதுகூட நோயின் அறிகுறியாகப் பதிவானது. இவர்கள் நிஜ நோயாளிகள் இல்லை என்று சந்தேகப்பட்டவர்கள் உடனிருந்த நோயாளிகள். முதல் மூன்று சேர்க்கைகளில் மட்டும் 118 பேரில் 35 பேர். அந்த ஆய்வையே நம்பலாமா என்று 2019-ல் வந்த ஒரு புத்தகம் பலமாகக் கேட்டது. அதனால் எண்களை நான் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன். நோயாளிகள் கவனித்தார்கள் என்பதை மட்டும் நம்பத் தோன்றுகிறது. கேட்க ஆளில்லாதவர்களுக்குப் பார்க்க நிறைய நேரம் இருக்கும்.

போன மாதம் ஒரு குடும்ப விசேஷத்தில் மெஷினைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி யாரும் பேசவில்லை. மறதி வந்துவிட்ட பெரியம்மாவைப் பற்றிப் பேசினார்கள், அவர் முன்னாலேயே. "அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, நீ சொல்லு." பெரியம்மா மடியிலிருந்த கைக்குட்டையை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்புறம் நிமிர்ந்து என் காதிலிருந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.