ஐந்நூற்று மூன்றா, ஐந்நூற்றுப் பதின்மூன்றா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் சங்கு ஊதும். வந்த முதல் வாரம் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று ஜன்னலுக்கு ஓடினேன். கீழே யாரும் பதறவில்லை. கறுப்பு அங்கி போட்ட ஆண்கள் வேக வேகமாக நடந்தார்கள், கடைகளில் ஷட்டர் இறங்கியது, பிள்ளை வண்டி தள்ளிய பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். அரை மணி நேரத்தில் தெரு காலி. அது சாபத், அதாவது யூதர்களின் வாராந்தர ஓய்வு நாள், தொடங்கப் போவதற்கான சங்கு என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் மில் சங்கு வேலைக்குக் கூப்பிடும். இங்கே வேலையை நிறுத்தச் சொல்கிறது.

ப்ரூக்ளினில், வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குத் தெற்கே எங்கள் வீடு. மார்சி அவென்யூ ஸ்டேஷனிலிருந்து நடை தூரம். தெருவின் ஒரு பக்கம் ஸ்பானிஷ் பேசும் போர்த்தோரிக்கோ குடும்பங்கள், மறுபக்கம் இத்திஷ் பேசும், ஆசாரம் தவறாத ஹசிதிய யூதர்கள். இவர்களில் பெரும்பாலோர் சத்மார் பிரிவு. அதை நிறுவிய குரு யோயேல் டைடல்பாம், நாஜிகளிடமிருந்து தப்பி 1946-ல் நியூயார்க் வந்தவர். நாங்கள் இரண்டுக்கும் நடுவில். என் கணவருக்கு ஆபீஸ் இருந்தது. எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. பகல் முழுக்க நானும் அந்த ரேடியேட்டரும்தான். அது சீறும், நான் டீ போடுவேன்.

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கதவு தட்டப்பட்டது. மேல்வீட்டுப் பையன், எட்டு வயது இருக்கும், காதோரம் சுருள்முடி. "எங்க வீட்ல ரொம்ப வெக்கையா இருக்கு" என்றான். அடடா என்றேன். போகவில்லை. "தாத்தாவுக்கு வேர்க்குது." கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சூப்பரைக் கூப்பிடச் சொன்னேன். தலையை ஆட்டினான், அங்கேயே நின்றான். "ஏசி ஓடல." ரிப்பேரா என்றேன். "இல்ல. ஓடல."

அப்புறம்தான் உறைத்தது. சாபத் அன்று அவர்கள் ஸ்விட்சைத் தொடக் கூடாது. எனக்காகப் போட்டுக் கொடு என்று இன்னொருவரிடம் நேராகக் கேட்கவும் கூடாது. ஜாடையாகச் சொல்லலாம். மாடி ஏறிப்போய் ஸ்விட்சைப் போட்டேன். பெரியவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, புத்தகத்திலிருந்து லேசாகத் தலையை மட்டும் அசைத்தார். பையனின் அம்மா சிரித்தாள். 'சர்க்கரை தீந்துபோச்சு போலிருக்கே' என்று சுவரைப் பார்த்துச் சொல்லியே அடுத்த வீட்டிலிருந்து சர்க்கரை வாங்கிவிடுகிற பாளையங்கோட்டைக்காரிக்கு இது முதலிலேயே புரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு அலுமினியத் தட்டில் கோக்கோஷ் வந்தது. சாக்லேட்டை உள்ளே வைத்துச் சுருட்டிய ஹங்கேரிக்காரர்களின் கேக். இப்போது என் பிரச்சினை: பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க எனக்குக் கை வராது. முறுக்கு கொடுத்தால் அவர்கள் சாப்பிட முடியாது, என் அடுப்படி அவர்கள் மத விதிப்படியான கோஷர் இல்லை. தட்டைக் கழுவி, முழு ஆரஞ்சுப் பழம் நாலு வைத்துக் கொண்டுபோனேன். பழத்தை எடுத்துக்கொண்டாள். தட்டைத் தொடவில்லை. "அது தூக்கிப்போடுற தட்டுதானே" என்றாள், என் மனசு கோணாதபடி. அவர்கள் ஏன் எப்போதும் அலுமினியத் தட்டிலேயே கொடுக்கிறார்கள் என்பது அன்றைக்கு விளங்கியது.

ப்ரூக்ளினில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. படித்து முடித்த புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டு வாசற்படியில் வைத்துவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்படி ஒரு பெட்டியில் கிடைத்ததுதான் சைம் போடோக் எழுதிய 'தி சோஸன்'. 1967-ல் வந்த நாவல். பின்னட்டையில் வில்லியம்ஸ்பர்க் என்ற பெயரைப் பார்த்துத்தான் எடுத்தேன். கதைசொல்லி ரூவன் முதல் வரியிலேயே, தானும் டேனியும் பதினைந்து வருஷம் ஐந்து தெரு தள்ளி வாழ்ந்தும் ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்தோம் என்கிறான். எனக்கும் மேல்வீட்டுக்கும் நடுவில் இருப்பது பதினாறு படி.

கதை 1944-ல் ஒரு பந்தாட்ட மைதானத்தில் தொடங்குகிறது. இரண்டு யூதப் பள்ளிகள் மோதுகின்றன. டேனி ஸாண்டர்ஸ் ஹசிதிய குருவின் மூத்த மகன், அடுத்த குரு அவன்தான். ரூவன் மால்டரும் ஆசாரமான யூதன்தான், ஆனால் அவன் அப்பா யூதச் சட்ட நூலான தால்முத்தை நவீன முறையில் படிக்கிற அறிஞர். ஹசிதியர்கள் கண்ணுக்கு அந்த அப்பா பாதி நாத்திகர். டேனி அடித்த பந்து ரூவனின் கண்ணாடியை உடைக்கிறது, சில்லு கண்ணுக்குள் போகிறது. மன்னிப்புக் கேட்க ஆஸ்பத்திரிக்கு வந்தவனை ரூவன் விரட்டிவிடுகிறான். மறுபடி வருகிறான். சிநேகம் அங்கே பிடிக்கிறது. நல்ல ஆசிரியரைத் தேடு, ஒரு நண்பனைத் தேர்ந்துகொள் என்ற பழைய யூத வாக்கை ரூவனின் அப்பா சொல்கிறார். குருவாக வேண்டிய டேனி நூலகத்தில் ஒளிந்து ஃபிராய்டு படிக்கிறான். கணக்கில் கெட்டிக்காரனான ரூவனோ ரபியாக, அதாவது யூத மதகுருவாக, ஆசைப்படுகிறான்.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது ஒரு சாபத் சாயங்காலக் காட்சி. ஹீப்ருவில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. சொல்லின் எழுத்துகளைக் கூட்டி அர்த்தம் தேடுவதை கெமாட்ரியா என்பார்கள். சபை நிறைய ஆட்கள் இருக்க, குரு கணக்குப் போடுகிறார்: இவ்வுலகம் 163, மறுவுலகம் 154, வித்தியாசம் 9. உயிர் என்ற சொல்லுக்கு 18. ஆக, இங்கே கிடைப்பது பாதி உயிர்தான். பேச்சுக்கு நடுவே வேண்டுமென்றே தப்புச் செய்கிறார். அதை மகன் எல்லார் முன்னாலும் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்கு விருந்தாளியாக வந்த ரூவனுக்கும் ஒரு தப்பு வைத்திருக்கிறார். 'ப்ரோஸ்தோர்', முன்கூடம் என்று அர்த்தம், அதை 513 என்று சொல்லிவிட்டார். அது 503 என்று ரூவன் நடுங்கிக்கொண்டே சொல்கிறான்.

எனக்கு 'எட்டேகால் லட்சணமே' ஞாபகம் வந்தது. தமிழ் எண்ணில் எட்டுக்கு அ, காலுக்கு வ. எட்டேகால் லட்சணம் என்றால் அவலட்சணம். ஔவையார் கம்பரைத் திட்டியதாகச் சொல்கிற பாட்டு. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்பா. தமிழ் வாத்தியார். நன்னூல் நடத்தும்போது நாள் முழுக்கப் பேசுவார், என்னிடமும். புத்தகத்தை மூடினால் வாயும் மூடிவிடும். எனக்குக் காய்ச்சல் என்றால்கூட "அவளுக்கு மாத்திர குடுத்தியா?" என்று அம்மாவிடம்தான் கேட்பார், நான் பக்கத்துக் கட்டிலில் கிடக்க.

நாவலில் குருவும் அப்படித்தான். தால்முத் தவிர மகனோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். நாலு வயதில் பையன் ஒருவருடைய துயரக் கதையைப் படித்துவிட்டு, வருந்தாமல், தன் ஞாபகசக்தியில் பெருமைப்பட்டானாம். மூளை இருக்கிறது, இரக்கம் இல்லையே என்று பயந்து, மௌனத்திலேயே வளர்க்கிறார். கடைசியில் அதை விளக்கும்போதும் மகனிடம் சொல்லவில்லை. மகன் உட்கார்ந்திருக்க, ரூவனைப் பார்த்துச் சொல்கிறார். அந்தப் பக்கங்களைப் படித்து அழுதேன். மறுநாள் கோபம் வந்தது. இது என்ன நியாயம்? டேனி நல்லவனாக வளர்ந்தது நாவலாசிரியர் தயவு. நிஜ வீட்டில் அப்படி வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் வாய் திறக்காமலே இன்னொரு வீட்டை ஊமையாக்கியிருக்கிறார்கள்! நீயும் உன் மகனை இப்படி வளர்ப்பாயா என்று கேட்டால், வேறு வழி கிடைக்காவிட்டால் வளர்ப்பேன் என்கிறான் டேனி. தூக்கம் போனது அதில்தான்.

இன்னொரு குறை. இவ்வளவு பெரிய வீட்டில் டேனியின் அம்மா எங்கே? வருகிறாள், போகிறாள். ரூவனின் அம்மா கதைக்கு முன்னாலேயே செத்துவிட்டாள். டேனியின் தங்கைக்கு இரண்டு வயதிலேயே மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. நம் ஊரில் தொட்டிலிலேயே மாமன் மகனுக்குப் பேசி வைப்பது போல. அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு பத்தி இல்லை. மேல்வீட்டு அம்மாவோடு படிக்கட்டில் பேசிய எனக்கு அந்த இடம் ஓட்டையாகவே தெரிந்தது.

யூத நாடு வேண்டும் என்று ரூவனின் அப்பா மேடை ஏறியதால், மீட்பரான மெசியா வருமுன் அந்த நாடு பாவம் என்று நம்புகிற குரு, ரூவனோடு பேசக் கூடாது என்று மகனுக்குக் கட்டளை போட்டுவிடுகிறார். ஒரே கல்லூரியில் படித்தும் கண்ணால் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். பழைய கதை என்று தள்ள முடியவில்லை. சத்மார்காரர்கள் இன்றும் அந்த நாட்டை ஏற்கவில்லை. யூதர் என்றால் எல்லாரும் ஒரே கட்சி என்று நினைத்து வந்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன். வழக்கம்போல அப்பா எடுத்தார். "சாப்ட்டியா? இந்தா அம்மாட்ட குடுக்கேன்."

"இருங்கப்பா, ஒரு கணக்கு" என்றேன். எழுத்துகளின் எண்களைச் சொன்னேன். எண்பது, இருநூறு, ஆறு, ஏழு, நாலு, ஆறு, இருநூறு.

பேனா தேடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் காகிதம்.

"ஐந்நூத்தி மூணு."

"ஒரு ரபி ஐந்நூத்திப் பதிமூணுன்னுட்டாருப்பா."

"தப்பு. பத்து கூடுது."

"வேணும்னேதான் சொன்னாரு. பையன் கண்டுபிடிக்கானான்னு பாக்க."

அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

"அந்தப் பய கண்டுபிடிச்சானா?"

"கண்டுபிடிச்சான்."

"ம்" என்றார். "இந்தா, அம்மாட்ட குடுக்கேன்."