அலியா, டைசனா?

குத்துச்சண்டை வீரர்களான முகமது அலியும் மைக் டைசனும் தத்தம் உச்சத்தில் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்? எங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பெரியவர்கள் முகமது அலியின் பெயரை இன்றும் தனி மரியாதையோடுதான் சொல்வார்கள். 1975இல் அவர் ஜோ பக்னரோடு 15 சுற்றுகள் மோதிப் புள்ளிகளில் வென்றது கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் அல்லவா! ஆயினும் மைக் டைசனுக்கு எதிராக நான் நிறுத்த விரும்புவது அந்த அலியை அன்று. 1966இல் கிளீவ்லண்ட் வில்லியம்சை மூன்றே சுற்றுகளில் முடித்த, கால்கள் ஓயாத இளம் அலியை. எதிரே, 1988இல் மைக்கேல் ஸ்பிங்க்சை 91 வினாடிகளில் சாய்த்த டைசன்.

முதல் நான்கு சுற்றுகள் அலிக்குப் பேராபத்தானவை. உயரம் குறைந்த டைசன் தலையை அசைத்தபடியே தாழ்ந்து உட்புகுந்து இடக்கையை வளைத்து வீசுவார். அத்தகைய குத்தில்தான் 1963இல் ஹென்றி கூப்பரும், 1971இல் ஜோ ஃபிரேசியரும் அலியைத் தரையில் தள்ளினார்கள். இருமுறையும் அலி எழுந்தார் என்பதே எனக்குப் பெரிய சான்று. மேலும், 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் நீண்ட இடக்கையால் நேர்க்குத்துகளை இடைவிடாமல் செலுத்தி, டைசனை நெருங்கவிடாமல் களைக்கச் செய்து, பத்தாம் சுற்றில் வீழ்த்தினார். அதே உத்தியை அவரைவிட விரைவாகவும், பின்னோக்கி நகர்ந்துகொண்டேயும் செய்யக்கூடியவர் அலி. ஆகவே பதினோராம் சுற்றுக்குள் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, அலியின் கையை உயர்த்துவார் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.