உம்ரா முடிச்சும் முடியாம மாட்டிக்கிட்ட ரெண்டு மணி நேரம் (முடி விஷயம்)

உம்ரா (மக்காவுக்குப் போய் செய்யுற சின்ன யாத்திரை) போறவங்க எல்லாரும் தவாஃப் (கஅபாவைச் சுத்துறது) எப்படி, ஸஃயி (ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு நடுவுல நடக்குறது) எப்படின்னு வீடியோ பாத்து பாத்து மனப்பாடம் பண்ணிடுறோம், கடைசியில தலைமுடியை மழிக்கணும் இல்ல குறைக்கணும்ங்கிற விஷயத்தை மட்டும் "அது என்ன, போய் வெட்டிக்கிட்டா போச்சு"ன்னு விட்டுடுறோம். நானும் அப்படித்தான் போனேன்.

நான் பண்ண முதல் தப்பு ஊர்லயே நடந்துச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி நகம், மீசை, அக்குள் முடியெல்லாம் சுத்தம் பண்ணிக்கங்க, இஹ்ராம்ல (நிய்யத் வச்சதுலேர்ந்து கடைசியில தலைமுடி எடுக்குற வரைக்கும் கட்டுப்பாடுகளோட இருக்குற நிலை) இருக்கும்போது உடம்புல ஒரு முடியைக்கூட எடுக்கக்கூடாதுன்னு எங்க குரூப்போட வர ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) சொல்லி அனுப்பினாரு. சாதாரண நாள்லயே இதையெல்லாம் 40 நாளைக்கு மேல வளர விடக்கூடாதுன்னு ஹதீஸ் இருக்கு, அதனால இது புதுசு இல்ல. நான் ஆர்வக்கோளாறுல, அங்க வெயில் தாங்காதுன்னு தலையையும் போலீஸ்காரர் மாதிரி ஒட்ட வெட்டிட்டுப் போயிட்டேன். மனசுக்குள்ள கணக்கு வேற. திரும்பி வந்து பத்தாம் நாள் தங்கச்சி கல்யாணம், மொட்டைத் தலையோட போட்டோவுல நிக்க வேணாம், அங்க போய் லேசா குறைச்சுக்கிட்டா போதும்னு நினைச்சேன்.

ஃபிளைட்ல மீக்காத் (இஹ்ராம் கட்ட வேண்டிய எல்லை) வரதுக்கு முன்னாடி நிய்யத் (உம்ரா செய்யுறேன்னு மனசுல உறுதி) வச்சாச்சு. அதுலேர்ந்து தாடியை சொறியவே பயம். ஒரு தடவை ஒளு (தொழுகைக்கு முன்னாடி கை, முகம், கால் கழுவுறது) செய்யும்போது வெள்ளைத் துண்டு மேல ரெண்டு முடி விழுந்து கிடந்துச்சு பாருங்க, எனக்கு நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சு. தானா உதிர்ந்ததுக்கு குத்தமில்ல, நீ புடிச்சு இழுக்காம இருந்தா சரின்னு ஹஜ்ரத் சிரிச்சாரு.

தவாஃப் 7 சுத்து, ஸஃயி 7 தடவை எல்லாம் அல்ஹம்துலில்லாஹ் நல்லபடியா முடிஞ்சுது. மர்வாவுல நின்னு துஆ கேட்டு முடிக்கும்போது கால் ரெண்டும் என்னோடதே இல்லாத மாதிரி இருக்கு. பக்கத்துல யாரோ ஒருத்தர் சின்ன கத்தரிக்கோலை கைக்குக் கை மாத்தி விட்டுக்கிட்டு இருந்தாரு. எங்க குரூப்ல வந்த மச்சான் ஒருத்தர், மரைக்காயர் வீட்டுப் பையன், அதை வாங்கி தலையில மூணு இடத்துல கிளிக் கிளிக்னு வெட்டிட்டு "அவ்வளவுதான், உம்ரா முடிஞ்சுச்சு"ன்னு என்கிட்ட நீட்டிட்டாரு. நானும் அதே மாதிரி நுனியில மூணு கிளிக். ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு முபாரக் சொல்லிட்டு ரூமுக்கு நடந்தோம். குளிச்சுட்டு சட்டையைப் போட்டுத் தூங்கணும், அது ஒண்ணுதான் மண்டையில ஓடுது.

லிஃப்ட் வாசல்ல ஹஜ்ரத். என் தலையைப் பாத்தாரு, கீழ மேல பாத்தாரு. "தம்பி நீங்க ஹனஃபிதானே?"

ஆமா ஹஜ்ரத்னேன்.

"அப்ப இன்னும் இஹ்ராம்லதான் இருக்கீங்க."

விஷயம் இதுதான். ஷாஃபி மத்ஹப்ல (மத்ஹப்னா இஸ்லாமியச் சட்டப் பிரிவு) குறைஞ்சது மூணு முடி வெட்டினா போதும். ஹனஃபியில தலையோட கால்வாசி முடியாவது குறையணும், அதுவும் ஒரு விரல் கணு நீளத்துக்கு. மாலிகி, ஹன்பலியில முழுத் தலையும். நம்ம பக்கத்துல மச்சான் மாதிரி கடலோர ஊர்க்காரங்க நிறைய பேரு ஷாஃபி, எங்கள மாதிரி ராவுத்தருங்க ஹனஃபி, ஒரே பஸ்ல போறோம், ஒரே கத்தரிக்கோலை வாங்குறோம், சட்டம் மட்டும் வேற. மச்சானுக்கு முடிஞ்சுச்சு, எனக்கு முடியல. அந்த நிலைமையில நான் வாசனை சோப்பு போட்டுக் குளிச்சு சட்டையையும் மாட்டியிருந்தா தம் (ஆடு அறுக்குறது), சதகா (தர்மம்)ன்னு பரிகாரக் கணக்கு பாக்க வேண்டி வந்திருக்கும். அந்த லிஃப்ட் சீக்கிரம் வராததுக்கு இன்னிக்கும் நன்றி சொல்றேன்.

சரி, போய் கால்வாசி குறைச்சுக்கிறேன் ஹஜ்ரத்னு சொன்னா அடுத்த குண்டு. "உங்க முடியே விரல் கணு அளவு இல்லையே, எதைக் குறைப்பீங்க? இனிமே பிளேடுதான்." கல்யாண போட்டோ கண்ணு முன்னாடி வந்து போச்சு.

அவரே அத்தாவையும் (எங்க அப்பா) என்னையும் கூட்டிக்கிட்டு திரும்ப மர்வா பக்கம் சலூனுக்கு வந்தாரு. பெரிய வரிசை. நிக்கிற நேரத்துல ஹுதைபிய்யா கதையைச் சொன்னாரு. ஹிஜ்ரி 6ல உம்ராவுக்கு வந்த நபியையும் தோழர்களையும் மக்காவுக்குள்ள விடல, வழியில ஹுதைபிய்யாங்கிற இடத்துல நின்னுட்டாங்க, இங்கயே குர்பானி குடுத்துட்டு தலையை மழிங்கன்னு நபி (ஸல்) சொல்றாங்க, வருத்தத்துல ஒருத்தரும் எந்திரிக்கல. அப்ப நபியோட மனைவி உம்மு ஸலமா (ரலி) தான் "நீங்க யார்கிட்டயும் பேசாம வெளிய போயி முதல்ல நீங்க மழிச்சுக்கங்க"ன்னு யோசனை சொன்னாங்களாம். நபி (ஸல்) மழிச்சதைப் பாத்ததும் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் மழிச்சு விட ஆரம்பிச்சாங்க. குர்ஆன்ல 48:27ல மழிக்கிறதும் குறைக்கிறதும் ரெண்டுமே வருது, ஆனா மழிச்சவங்களுக்கு நபி மூணு தடவை துஆ செஞ்சுட்டு அப்புறம்தான் குறைச்சவங்களைச் சேத்தாங்கன்னாரு. என்னை சமாதானப்படுத்தத்தான் சொன்னாருன்னு தெரியுது, ஆனாலும் வேலை செஞ்சுது.

நாற்காலியில உக்காந்ததும் பாகிஸ்தான்காரர் மெஷினைத் தூக்கினாரு. ஹஜ்ரத் பின்னாடி இருந்து "பிளேடு, பிளேடு"ன்னாரு. ஜீரோ மெஷின் போட்டா பாக்க மொட்டை மாதிரி இருக்குமே தவிர அது ஹல்க் (மழிக்கிறது) ஆகாது, கத்தி படணும். புது பிளேடை நம்ம கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. வலது பக்கத்துல இருந்து ஆரம்பிச்சாரு, தண்ணி மட்டும் தெளிச்சு வழிச்சாரு, வாசனை நுரை வேணாம்னு முன்னாடியே சொல்லிட்டோம். மூணு நிமிஷம்கூட ஆகல. ஏசி காத்து தலையில பட்டப்ப சிலிர்த்துடுச்சு.

அடுத்து அத்தா. அவருக்கு உச்சியில இருந்து காது வரைக்கும் ஏற்கனவே வழுக்கை. "எனக்கு எதைடா வெட்டுவான்?"ன்னு கேட்டாரு. முடி இல்லாட்டியும் தலை மேல கத்தியை ஓட்டி எடுக்கணுமாம். சலூன்காரர் சிரிக்காம, அந்த வெறும் மண்டையை அவ்வளவு மரியாதையா வழிச்சு விட்டாரு. காசு மட்டும் என்கிட்ட வாங்கின அதே காசு, அதுக்கு அத்தா ஊர் வந்து சேர்ற வரைக்கும் புலம்பினாரு.

பொம்பளைங்களுக்கு மொட்டை கிடையாது. வீட்டுக்காரி ரூம்ல வச்சு முடியை மொத்தமா சேத்துப் புடிச்சு, விரல் கணுவுக்கு கொஞ்சம் கூடுதலா நுனியை வெட்டிக்கிட்டாங்க. கத்தரிக்கோலை செக்-இன் பெட்டியில போட்டுக் கொண்டு போனது உதவுச்சு, மத்த ரூம்ல இருந்தெல்லாம் வந்து வாங்கிட்டுப் போனாங்க.

நாலாம் நாள் மக்கா புனித எல்லைக்கு வெளிய இருக்குற தன்ஈம் போயி, ஆயிஷா பள்ளியில இஹ்ராம் கட்டி இன்னொரு உம்ரா செஞ்சேன். ரெண்டு மூணு உம்ரா செய்ய நினைக்கிறவங்க முடி நீளமா இருந்தா முதல்ல குறைச்சுக்கிட்டு கடைசியில மொட்டை போடலாம். எனக்கு அந்த வாய்ப்பே இல்ல, முள்ளு முள்ளா முளைச்ச தலையில திரும்பவும் பிளேடு. இந்தத் தடவை ரெண்டு இடத்துல கீறி ரத்தம் வந்துடுச்சு. மச்சான் வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு, அப்புறம் எதுவும் சொல்லாம பக்கத்து நாற்காலியில போய் உக்காந்துட்டாரு.